அட்டை ஏழா, எட்டா? பழைய விளையாட்டு அட்டைகளுக்குத் தரம் போடும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பழைய ரப்பர் தோட்ட வீட்டைக் காலி செய்பவர்களுக்கு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின் கிடைப்பதுண்டு. உள்ளே ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய, ஆட்டக்காரர் படம் அச்சிட்ட காற்பந்து அட்டைகளோ, 1990களின் அமெரிக்கக் கூடைப்பந்து அட்டைகளோ இருக்கும். சில வீடுகளில் தாத்தா காலத்துச் சிகரெட் பெட்டி அட்டைகளும் உண்டு. உடனே படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள்: "அண்ணே, மின்ட் கண்டிஷன், புதுசு மாதிரியே இருக்கு. என்ன விலை போகும்?" பதில்களும் உடனே வரும். "பழசுதானே, நல்ல விலை போகும் தம்பி." "நல்லா தொடச்சுக் குடுங்க, தரம் பத்துக்குப் பத்து வரும்." "அமெரிக்காவுக்கு அனுப்புங்க, லட்சத்துல கிடைக்கும்."

மூன்றும் தவறு. முதலாவதை நம்பினால் ஏமாற்றம் மட்டும்தான். இரண்டாவதை நம்பினால் அட்டையே கெட்டுப்போகும். மூன்றாவதை நம்பினால் கட்டணமும் தபால் செலவும் கையை விட்டுப் போகும். தரம் என்பது என்ன, அதை யார் எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் இந்த மூன்றிலிருந்தும் தப்பிக்கலாம்.

ரப்பர் ஷீட்டுக்குப் போட்ட அதே தரம்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய சங்கதி இல்லை. புகை போட்டு உலர்த்திய ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, பூஞ்சை உண்டா, குமிழி உண்டா, கறை உண்டா, தூசி மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து ஆர்.எஸ்.எஸ். 1, 2, 3 என்று 5 வரை பிரிப்பார்கள். அதற்கு எந்த இயந்திரமும் கிடையாது. எழுதிவைத்த விதியும், ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி ஷீட்டும், பழகிய கண்ணும்தான். ஷீட்டின் பெரும்பகுதி தேன் நிறத்தில் பளபளத்தாலும் ஓரத்தில் பூஞ்சை படர்ந்திருந்தால் அது முதல் தரத்தில் நிற்காது. எந்த மரத்துப் பால், யார் வெட்டியது என்பதை யாரும் கேட்பதில்லை.

விளையாட்டு அட்டைக்குத் தரம் போடுவதும் இப்படித்தான். இதைக் கிரேடிங் என்பார்கள்: அச்சகத்திலிருந்து வெளிவந்த நாளின் நிலையிலிருந்து இந்த அட்டை இன்று எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்பதை ஓர் எண்ணால் சொல்வது. அட்டையில் இருப்பவர் பெலேயா, பெயர் தெரியாத மாற்று ஆட்டக்காரரா என்பது அந்த எண்ணைத் தொடாது.

ரப்பர் விஷயத்தில் ஒரு மாற்றம் வந்தது. 1965-இல் மலேசியா எஸ்.எம்.ஆர். (ஸ்டாண்டர்ட் மலேசியன் ரப்பர்) முறையைக் கொண்டுவந்து, கண்ணுக்குப் பதில் ஆய்வகச் சோதனையால் அழுக்கின் அளவு முதலியவற்றை அளந்து தரம் பிரிக்கத் தொடங்கியது. அட்டை உலகம் பெரும்பாலும் இன்னும் கண்ணை நம்பித்தான் ஓடுகிறது. ஒரே அட்டை ஒரு தடவை 7, இன்னொரு தடவை 8 வாங்கிவருவதற்குக் காரணம் இதுதான்.

ஒன்றிலிருந்து பத்து வரை

இந்தத் தொழிலில் அடிக்கடி கேட்கும் பெயர்கள் மூன்று, மூன்றுமே அமெரிக்க நிறுவனங்கள். பி.எஸ்.ஏ. 1991-இலும், எஸ்.ஜி.சி. 1998-இலும், பெக்கெட்டின் பி.ஜி.எஸ். 1999-இலும் தொடங்கின. மூன்றிலும் இன்று உச்சம் 10. வரையறைகளில் சிறு வேறுபாடுகள் இருந்தாலும் அடிப்படை ஒன்றே. பரவலாகப் புழங்குவது பி.எஸ்.ஏ. அளவுகோல் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

10 என்றால் ஜெம் மின்ட். 9 என்றால் மின்ட்: ஒரே ஒரு சின்னக் குறைக்கு மட்டும் இடமுண்டு. 8 என்பது நியர் மின்ட் - மின்ட், 7 என்பது நியர் மின்ட். 6 எக்ஸலன்ட் - மின்ட், 5 எக்ஸலன்ட், 4 வெரி குட் - எக்ஸலன்ட், 3 வெரி குட், 2 குட், 1.5 ஃபேர், 1 புவர். 2008 முதல் இடையில் அரை மதிப்பெண்களும் உண்டு. ஆனால் பி.எஸ்.ஏ.-வில் 9.5 கிடையாது. 9-க்கு அடுத்தது 10தான்.

இந்தப் பெயர்கள் புதியவர்களைக் கவிழ்த்துவிடும். "குட்" என்று கேட்டால் நல்ல அட்டை என்றுதான் தோன்றும். உண்மையில் குட் என்பது 2: மூலைகள் நன்றாக உருண்டு, பல மடிப்புகள் விழுந்து, பளபளப்பு போன அட்டை. அதனால் விற்பவர் பெயரை மட்டும் சொன்னால் எண்ணைக் கேளுங்கள். "மின்ட்" என்ற சொல்லை யாரும் வாய்க்கு வந்தபடி சொல்லலாம். 9 என்று சொல்லிவிட்டால் அதற்கு வரையறை இருக்கிறது.

பார்க்கும் இடங்கள் நான்கு

படம் சட்டத்தின் நடுவில் இருக்கிறதா, மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு. பி.ஜி.எஸ். இந்த நான்குக்கும் தனித்தனி மதிப்பெண்ணை லேபிளிலேயே அச்சிட்டுத் தருவதுண்டு. மற்ற இரண்டும் பொதுவாக ஒரே எண்ணைத் தருகின்றன. பார்க்கும் இடங்கள் எல்லாருக்கும் இவையே.

முதலில் *சென்ட்டரிங்*. இது மட்டும்தான் வீட்டிலேயே ஸ்கேல் வைத்து அளக்கக்கூடியது. படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் அளங்கள். இடப்பக்கம் 2 மில்லிமீட்டர், வலப்பக்கம் 3 மில்லிமீட்டர் என்றால் மொத்தம் 5. மூன்றை ஐந்தால் வகுத்தால் 60 விழுக்காடு, இரண்டை வகுத்தால் 40. அட்டை 60/40. மேலும் கீழும் இதேபோல் அளந்து, இரண்டில் எது மோசமோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். பி.எஸ்.ஏ. விதிப்படி முன்பக்கம் 10-க்கு ஏறத்தாழ 55/45, 9-க்கு 60/40, 8-க்கு 65/35, 7-க்கு 70/30, 6-க்கு 80/20, 5-க்கு 85/15 வரை அனுமதி. பின்பக்கத்துக்கு இன்னும் தாராளம்: 10-க்கு 75/25, 9-க்கு 90/10. மேலே அளந்த அட்டை மற்ற எல்லாவற்றிலும் குறையே இல்லாமல் இருந்தாலும் 9-ஐத் தாண்டாது. வெறும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்! அதுவும் தாளை வெட்டிய தொழிற்சாலையில் நடந்தது, அட்டையை வைத்திருந்தவர் செய்த தவறு இல்லை. ஆனாலும் தரம் இறங்கும்.

*மூலைகளில்*தான் பெரும்பாலான பழைய அட்டைகள் விழுகின்றன. பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று வாங்கி, நல்ல வெளிச்சத்தில் ஒரு மூலையை மட்டும் நிதானமாகப் பாருங்கள். அட்டை என்பது ஒட்டி அழுத்திய தாள் அடுக்கு. தொடாத மூலையில் மை நுனிவரை போய்ச் சட்டென்று நிற்கும். முதல் இடி பட்டதும் நுனியில் மை உதிர்ந்து ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அடுத்த கட்டத்தில் தாளின் நார் மெல்லப் பிரிந்து பஞ்சாக எழும்பும். அதன் பிறகு அடுக்குகள் விலகி மூலை தடித்துப்போகும். கடைசியில் நுனி தேய்ந்து வளைவாகிவிடும். ஒன்றிரண்டு மூலையில் மிகச் சிறிய நார் பிரிவு 8-இல்கூட இருக்கலாம். உருளத் தொடங்கியது தெரிந்தால் 5 பக்கம் வந்துவிட்டது என்று பொருள். வெறும் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிந்த மூலை லென்ஸில் பஞ்சாகத் தெரிவதைப் பார்த்த பிறகு, வாட்ஸ்அப் படத்தை வைத்து யாரும் தரம் சொல்ல முடியாது என்பது தானாகப் புரியும்.

*விளிம்புகளை*ப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடர்நிற ஓரம் கொண்ட அட்டைகளில் மை கொஞ்சம் உதிர்ந்தாலும் வெள்ளையாகக் காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்காவின் டாப்ஸ் நிறுவனம் 1971-இல் கறுப்பு ஓரத்துடன் வெளியிட்ட பேஸ்பால் அட்டைகள் உயர் தரத்தில் அரிதாகக் கிடைப்பது இதனால்தான். தொழிற்சாலையே சொரசொரப்பாக வெட்டியிருந்தால் அது வேறு கணக்கு. கனடாவின் ஓ-பீ-சீ நிறுவனத்தின் 1979 ஹாக்கி அட்டைகளின் விளிம்பு பிசிறாக இருப்பது அவற்றின் இயல்பு. அதில் ஒன்று வழவழப்பான விளிம்போடு வந்தால், யாரோ பிறகு வெட்டியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் சந்தேகம் எழும்.

*மேற்பரப்பு* ஆளை ஏமாற்றும். மேசை விளக்கைத் தாழ்த்தி, அட்டையைச் சாய்த்துப் பிடித்து, ஒளி அதன்மேல் வழுக்கிப் போகும்படி மெதுவாகத் திருப்புங்கள். நேரே பார்த்தால் தெரியாத கீறல்கள், ரப்பர் பேண்ட் பதிந்த பள்ளம், பளபளப்பு போன இடம் எல்லாம் அப்போது எழும்பிவரும். மை உடைந்து வெள்ளைக் கோடு தெரிந்தால் அது மடிப்பு. அப்படிப்பட்ட அட்டைக்கு 4 கிடைத்தாலே நல்லது. மை உடையாமல் ஒளியில் மட்டும் தெரிவது சுருக்கம். அதுவும் பின்பக்கத்தில் மட்டும் இருந்தால் பலர் கவனிப்பதே இல்லை. எட்டு என்று நம்பி அனுப்பும் அட்டை ஐந்தாகத் திரும்பிவந்தால் முதலில் தேட வேண்டியது இந்தச் சுருக்கத்தைத்தான்.

இதுவரை பார்த்தது: எண் என்பது நிலையின் அளவு. அது நான்கு இடங்களைப் பார்த்து வருகிறது. படம் நடுவில் இருக்கிறதா என்பதை ஸ்கேலால் அளக்கலாம், மற்ற மூன்றையும் லென்ஸும் சாய்ந்த வெளிச்சமும் இல்லாமல் பார்க்க முடியாது.

ஏன் சராசரி எடுப்பதில்லை?

மூலைக்கு 9, விளிம்புக்கு 9, மேற்பரப்புக்கு 9, நடுவுக்கு 5. கூட்டி நான்கால் வகுத்தால் 8 வருகிறதே என்று பலர் கணக்குப் போடுவார்கள். கணக்கு அப்படி ஓடாது. ஒவ்வொரு தரத்துக்கும் "இதற்குமேல் குறை இருக்கக்கூடாது" என்ற வரம்பு இருக்கிறது. நான்கு இடமும் அந்த வரம்புக்குள் இருந்தால்தான் அந்தத் தரம். ஒன்று வெளியே போனாலும் அட்டை கீழே இறங்கும். தனி மதிப்பெண் தரும் பி.ஜி.எஸ்.கூட நான்கையும் கூட்டி வகுப்பதில்லை. இறுதி எண் பலவீனமான இடத்தின் பக்கமே சாயும். புதியவர்கள் இந்த முறையில் ஒன்றே ஒன்றைத்தான் மனத்தில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளட்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரே ஒரு குறையால் மட்டும் நல்ல அட்டை வீழ்கிறது என்றால், பி.எஸ்.ஏ. உயர்ந்த எண்ணைக் கொடுத்து அதன் பக்கத்தில் குறையின் அடையாள எழுத்தைப் போடலாம். நடு விலகியிருந்தால் ஓ.சி., கறைக்கு எஸ்.டி., அச்சுக் குறைக்கு பி.டி., பேனா அல்லது பென்சில் குறிக்கு எம்.கே. பள்ளிக்கூடக் காலத்தில் அட்டையின் பின்பக்கம் சொந்தப் பெயரை எழுதிவைத்த அட்டைகளுக்கு எம்.கே. பொருந்தும். "8 எம்.கே." என்பது சுத்தமான 8 ஆகாது, விலையும் வெகுவாகக் குறைவு. விற்பனை விளம்பரத்தில் எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டு எழுத்தை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். லேபிளின் படத்தை முழுதாகக் கேட்டு வாங்குங்கள்.

தரத்துக்கு முன் உண்மை

அனுப்பிய அட்டைக்கு நேரே எண் போட்டுவிடுவதில்லை. அது அசல்தானா, யாராவது கைவைத்திருக்கிறார்களா என்ற சோதனைதான் முதலில்.

பழைய அட்டைகளின் வண்ணப்படம் சின்னச் சின்ன மைப் புள்ளிகளால் ஆனது. லென்ஸில் அந்தப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் நிற்கும். கறுப்பு எழுத்துகள் தனி மையில் திட்டமாக இருக்கும். ஸ்கேன் செய்து மறுபடி அச்சிட்ட போலியில் எழுத்தே புள்ளிகளாக உடைந்து தெரியும். அடுத்தது புற ஊதா விளக்கு. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய தாளில் வெளுப்பேற்றும் ஒளிர்பொருள் கிடையாது. அந்தக் காலத்து அட்டை என்று சொல்லப்படுவது அந்த விளக்கில் நீலமாகப் பளிச்சிட்டால் அது பிற்காலத் தாள். பிறகு அளவு. 1957 முதல் டாப்ஸ் அட்டைகளின் வழக்கமான அளவு 63.5-க்கு 88.9 மில்லிமீட்டர். அதற்கு முந்தைய 1952 டாப்ஸ் இதைவிடப் பெரியது. தேய்ந்த மூலையை மறைக்க ஓரத்தைச் சீவியிருந்தால் அளவு குறையும், விளிம்பும் வயதுக்குப் பொருந்தாத கூர்மையோடு இருக்கும்.

சீவியது, வண்ணம் தீட்டியது, வெளுக்கவைத்தது எல்லாம் "திருத்தப்பட்ட" அட்டை. இதற்கு எண்ணே கிடைக்காது. அசல் என்று மட்டும் லேபிள் வரலாம், அல்லது அட்டை அப்படியே திரும்பலாம். ஒரு நேர்மையான 3, சீவிய அட்டையைவிட எப்போதும் மேல்.

இந்தச் சோதனையும் தவறும். பி.எஸ்.ஏ. முதன்முதலில் தரமிட்ட அட்டை, டி206 எனப்படும் 1909-11 காலத்துச் சிகரெட் பெட்டி அட்டை வரிசையில் வந்த பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை. அதற்கு 8 கிடைத்தது. ஹாக்கி வீரர் வேன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் 1991-இல் 4,51,000 டாலருக்கு வாங்கிய அட்டை அது. அதன் ஓரங்களைத் தான் சீவியதாக ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013-இல் அமெரிக்க நீதிமன்ற வழக்கில் ஒப்புக்கொண்டார். தரம் என்பது தேர்ந்தவர்களின் கருத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

சோதனை முடிந்து எண் முடிவானதும், அட்டையைக் கெட்டியான தெளிந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து நிரந்தரமாக மூடிவிடுவார்கள். இதுதான் ஸ்லாப். அதன் லேபிளில் உள்ள சான்று எண்ணை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் தட்டிப் பார்க்கலாம். போலி ஸ்லாப்களும் உலவுவதால், எண்ணைத் தட்டி, அங்கே வரும் விவரத்தையும் படத்தையும் கையில் இருப்பதோடு ஒப்பிடுங்கள்.

எண் ஒன்று, விலை வேறு

ஃப்ளீர் நிறுவனத்தின் 1986 அட்டை வரிசையில் வந்த கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் அட்டை, பி.எஸ்.ஏ. 10 தரத்தில், 2021 ஜனவரி ஏலத்தில் 7,38,000 டாலருக்குப் போனது. அதே அட்டை, அதே 10, பின்னர் அதில் ஒரு பகுதி விலைக்கே கைமாறியது. ஸ்லாப்புக்குள் எதுவும் மாறவில்லை. வாங்க வந்தவர்களின் எண்ணிக்கையும் சந்தையின் சூடும் மாறின.

பழைய அட்டையில் எண்ணின் பொருளும் மாறுகிறது. பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் 1952 டாப்ஸ் அட்டை எஸ்.ஜி.சி. 9.5 தரத்தில் 2022-இல் 1.26 கோடி டாலருக்கு விற்றது. குழந்தைகள் சைக்கிள் சக்கரத்தில் செருகி விளையாடிய காலத்து அட்டை இவ்வளவு சுத்தமாகப் பிழைத்திருப்பதே அபூர்வம். அந்த வரிசையில் 5 வாங்கிய மேன்டிலுக்கும் பெரிய மரியாதை உண்டு. மாறாக, 1980களின் பிற்பகுதியிலிருந்து 1990களின் தொடக்கம்வரை அமெரிக்க நிறுவனங்கள் அட்டைகளை அளவுகடந்து அச்சடித்துத் தள்ளின. வாங்கியவர்களும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தின் சாதாரண அட்டை 9 வாங்கினாலும் தரமிடும் கட்டணத்தைக்கூட மீட்காது. நம் ஊர் டின்களில் அதிகம் கிடைப்பது இந்த வகைதான் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

ஒவ்வொரு அட்டைக்கும் எந்தத் தரத்தில் எத்தனை இருக்கின்றன என்ற கணக்கை நிறுவனங்களே வெளியிடுகின்றன. இதைப் பாப்புலேஷன் ரிப்போர்ட் என்பார்கள். பணம் கட்டுமுன் அதைப் பாருங்கள்.

காற்பந்து ஸ்டிக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: பனினி, மெர்லின் நிறுவனங்களின் ஸ்டிக்கர்கள் பின்தாள் உரிக்காமல் இருந்தால்தான் தனியாகத் தரமிட ஏற்றவை. ஆல்பத்தில் ஒட்டியதைப் பிய்த்தெடுத்தால் ஸ்டிக்கரும் போகும், ஆல்பமும் போகும். நிறைந்த ஆல்பத்தை ஆல்பமாகவே வைத்திருங்கள்.

நம் ஈரக்காற்றில்

மூலைத் தேய்மானத்துக்கு அடுத்தபடி இங்கே அட்டைகளைக் கெடுப்பது ஈரம். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் நாள்கள் சாதாரணம். தாள் ஈரத்தை உறிஞ்சி வளையும், பழுப்புப் புள்ளிகள் விழும், பளபளப்பான பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை இழுத்துப் பிரித்தால் ஒரு பக்கத்துத் தாள் இன்னொன்றோடு வந்துவிடும். காகிதம் பிய்ந்த அட்டை 1, 2-க்கு மேல் எழுவது கடினம்.

டின்னைத் திறந்ததும் செய்ய வேண்டியது: கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பேண்டை இழுத்து உருவாமல் கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள். இற்றுப்போய் அட்டையில் ஒட்டியிருந்தால் அந்த அட்டையை அப்படியே தனியாக வையுங்கள். துணி, தண்ணீர், அழிப்பான், இஸ்திரிப்பெட்டி எதுவும் வேண்டாம். ஈரத்துணி பளபளப்பை எடுத்துவிடும், அழிப்பான் மையைத் தேய்க்கும், சூடு தாளின் தடிமனையே மாற்றும். தளர்ந்திருக்கும் தூசியை மட்டும் மென்மையான தூரிகையால் தள்ளலாம். பிறகு ஒவ்வொன்றையும் பாலிப்ரொப்பிலீன் மெல்லுறையில் போட்டு, நல்லவற்றை டாப்லோடர் எனப்படும் கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள். புத்தகக் கடையில் விற்கும் மலிவான பி.வி.சி. பக்கங்கள் நாளடைவில் பிசுபிசுத்து அட்டையோடு ஒட்டும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில், ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பாச்சை உருண்டை போடாதீர்கள். அதன் ஆவி பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

அனுப்பலாமா, வேண்டாமா

லென்ஸில் பார்த்து உங்கள் கணிப்பை எழுதுங்கள். அதிலிருந்து ஒரு தரம் குறையுங்கள். சொந்த அட்டையை யாரும் கறாராகப் பார்ப்பதில்லை. அந்தக் குறைந்த தரத்தில் அதே அட்டை உண்மையில் விற்ற விலையை ஏலத் தளங்களில் தேடுங்கள். விற்பவர் கேட்கும் விலை கணக்கில் வராது, விற்று முடிந்த விலைதான் கணக்கு. அதிலிருந்து தரமிடும் கட்டணம், இரண்டு வழித் தபால், காப்புறுதி, வரி வந்தால் அதுவும் கழித்து, மிச்சம் நிற்கிறதா என்று ரிங்கிட்டில் பாருங்கள். கட்டணம் அட்டையின் அறிவித்த மதிப்புக்கு ஏற்ப ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிச்சம் நிற்காவிட்டால் டாப்லோடரிலேயே இருக்கட்டும்.

அனுப்புவதாக முடிவெடுத்தால், முதலில் முன்னும் பின்னும் நான்கு மூலைகளும் தெரியப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெல்லுறையில் போட்ட அட்டையை, தரமிடும் நிறுவனங்கள் கேட்கும் வளையும் தன்மையுள்ள அரைக்கெட்டி உறைக்குள் இறக்குங்கள். டாப்லோடரிலிருந்து அட்டையை இழுத்து எடுக்கும்போது மூலை இடிபடலாம் என்பதால்தான் அந்த உறையைக் கேட்கிறார்கள். இரண்டு கெட்டியான கார்ட்போர்டு துண்டுகளுக்கு நடுவில் வைத்து, நகராத அளவுக்கு மட்டும் ரப்பர் பேண்ட் போடுங்கள். பேண்ட் கார்ட்போர்டின் மேல்தான் இருக்க வேண்டும், உறையைத் தொடக்கூடாது. உறையின் வாயில் செலோடேப் ஒட்டாதீர்கள். பிரிக்கும்போது பசை அட்டையில் பட்டால், பத்திரமாகப் போய்ச் சேர்ந்த 7 அங்கே மேசைமேலேயே 5 ஆகிவிடும்.